வாட்ஸ்அப்பை அடைத்தால் அலுவலகம் பாதுகாப்பாகிவிடுமா?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தைக் கற்பனை செய்து பாருங்கள். திங்கள்கிழமை காலை எல்லாருக்கும் ஒரு மெயில் வருகிறது: ‘இன்று முதல் அலுவலக நெட்வொர்க்கில் வாட்ஸ்அப், டெலிகிராம் உள்ளிட்ட எல்லா சாட் செயலிகளும் பிளாக் செய்யப்படுகின்றன. காரணம், பாதுகாப்பு.’

பத்து மணிக்கே மெர்ச்சன்டைசர் ஒருவருக்குச் சிக்கல். லேப் டிப் சாம்பிளில் எந்த ஷேடு ஓகே என்பதை வெளிநாட்டு பையர் எப்போதும் வாட்ஸ்அப்பில்தான் சொல்வார். சாயப்பட்டறையில் இருந்து போன் மேல் போன். “ஏனுங்க, கலர் முடிவாச்சுங்களா? மெஷின் சும்மா நிக்குதுங்க.” மெர்ச்சன்டைசர் என்ன செய்வார்? தன் போனில் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்கிறார். அலுவலக லேப்டாப்பை அதில் இணைக்கிறார். வாட்ஸ்அப் வெப் திறக்கிறது. வேலை முடிந்தது. மதியத்துக்குள் பக்கத்து சீட்டுக்காரரும் அதையே செய்கிறார்.

மாலையில் ஐடி பிரிவு ஃபயர்வால் பதிவைப் பார்க்கிறது. வாட்ஸ்அப் பயன்பாடு பூஜ்ஜியம். ‘தடை வெற்றி’ என்று மேலிடத்துக்கு ரிப்போர்ட் போகிறது.

நடந்ததோ நேர்மாறு. நேற்று வரை ஃபயர்வால் கண்ணெதிரே போய்வந்த தகவல், இன்று அதன் கண்ணிலேயே படாமல் போய்வருகிறது. அந்த லேப்டாப் ஒரு பக்கம் கேபிள் வழியாக அலுவலக சர்வரோடும், இன்னொரு பக்கம் ஹாட்ஸ்பாட் வழியாக வெளியுலகத்தோடும் இணைந்திருந்தால் இன்னும் மோசம். முன்வாசலுக்குப் பெரிய பூட்டாகப் போட்டுவிட்டு, கொல்லைப்புறக் கதவைத் திறந்து வைத்த கதைதான்.

சாட் செயலிகளை ஒட்டுமொத்தமாக அடைப்பது பெரும்பாலான அலுவலகங்களுக்குப் பாதுகாப்பு தராது. சரியான வழியைத் திறந்துவிட்டு, அந்த வழிக்கு விதி வைப்பதுதான் பாதுகாப்பு. அது எப்படி என்று புரிய, முதலில் ஃபயர்வால் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

வாட்ச்மேனும் கதவு எண்ணும்

அபார்ட்மென்ட் வாசலில் நிற்கும் வாட்ச்மேனை நினைத்துக்கொள்ளுங்கள். யார் வருகிறார், எந்த வீட்டுக்கு என்று பார்த்து, கையில் உள்ள பட்டியலின்படி விடுவார் அல்லது திருப்பி அனுப்புவார். ஃபயர்வாலும் அப்படித்தான். இணையத்தில் போகும் ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் அனுப்பும் முகவரி, பெறும் முகவரி, கூடவே ‘போர்ட்’ எனப்படும் ஓர் எண் இருக்கும். போர்ட் என்பது கதவு எண் மாதிரி. சாதாரண இணையதளத்துக்கு 80, பூட்டிட்ட பாதுகாப்பான இணையதளத்துக்கு 443 என்று வழக்கமான எண்கள் உண்டு.

இன்னொரு விஷயமும் முக்கியம். அலுவலக ஃபயர்வால் பொதுவாக, உள்ளே இருப்பவர் வெளியே தொடங்கும் இணைப்பை அனுமதிக்கும். அதற்கு வரும் பதிலையும் அனுமதிக்கும். வெளியே இருந்து ஒருவர் தானாக உள்ளே தொடங்கும் இணைப்பைத் தடுத்துவிடும். சாட் செயலிகள் இந்த விதிக்குள்ளேயே வேலை செய்கின்றன. போனில் உள்ள செயலிதான் முதலில் வெளியே உள்ள சர்வரைக் கூப்பிடுகிறது. லைனை அறுக்காமல் வைத்துக்கொள்கிறது. செய்திகள் அந்த லைன் வழியாகவே வந்து சேர்கின்றன.

‘சாட் வேலை செய்ய வேண்டுமென்றால் ஃபயர்வாலில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு போர்ட்டைத் திறக்க வேண்டும்’ என்று இன்றும் சிலர் நம்புவதுண்டு. பழைய மெசஞ்சர்களில் இரண்டு கம்ப்யூட்டர்கள் நேரடியாக ஃபைல் பரிமாறிய காலத்தின் மிச்சம் அது. இன்றைய பிரபல செயலிகளுக்கு அது தேவையே இல்லை. யாராவது அப்படித் திறக்கச் சொன்னால், ஏன் என்று கேட்பது நல்லது.

பிளாக் செய்த கதை பழசு

இந்தச் சண்டை வாட்ஸ்அப்போடு தொடங்கியதல்ல. 1996இல் ஐசிக்யூ, 1997இல் ஏஓஎல் இன்ஸ்டன்ட் மெசஞ்சர், 1998இல் யாஹூ, 1999இல் எம்எஸ்என் என்று வரிசையாக மெசஞ்சர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவு எண். ஏஓஎல்லுக்கு 5190, யாஹூவுக்கு 5050, எம்எஸ்என்னுக்கு 1863. ‘இந்த மூன்று எண்களை மூடிவிட்டால் போதும்’ என்று நிர்வாகிகள் நினைத்தார்கள். செயலிகளோ தம் கதவு மூடியிருந்தால் இணையதளத்துக்கான 80ஆம் கதவு வழியாகப் போகக் கற்றுக்கொண்டன. அதை மூட முடியாது. மூடினால் இணையமே நின்றுவிடும்.

நிர்வாகிகளின் பயம் வெறும் கற்பனை இல்லை. 2005 ஏப்ரலில் கெல்விர் என்ற வைரஸ் வகை ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் மெசஞ்சர் சேவையில் பரவியது. நிதிச் சந்தைக்காரர்கள் நம்பியிருந்த அந்தச் சேவையையே சிறிது நேரம் நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று. தெரிந்த நண்பரிடமிருந்து வருவதுபோல ஒரு லிங்க் வரும், கிளிக் செய்தால் கதை முடிந்தது. இன்று வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்ற பெயரில் வரும் ஏபிகே ஃபைல்களும் அதே உத்திதான்.

அந்தப் பழைய மெசஞ்சர்கள் எல்லாம் இன்று மூடப்பட்டுவிட்டன. ஏஓஎல் 2017 டிசம்பரில், யாஹூ 2018 ஜூலையில். பாடம் மட்டும் மிச்சம்: போர்ட் எண்ணை வைத்து சாட்டைப் பிடிக்க முடியாது.

உறைக்குள் உறை

இன்று நிலைமை இன்னும் சிக்கல். கிட்டத்தட்ட எல்லாமே 443ஆம் கதவு வழியாகத்தான் போகிறது. பேங்க் வேலையும் அதில்தான், சாட்டும் அதில்தான். உள்ளே இருப்பது குறியாக்கம் செய்யப்பட்டது. வாட்ச்மேனுக்கு உறையின் மேலே உள்ள முகவரி தெரியும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

இதற்கு நிறுவனங்கள் ஓர் உபாயம் வைத்திருக்கின்றன. ஊழியரின் லேப்டாப்பில் அலுவலகத்தின் சொந்த சான்றிதழை நிறுவி, நடுவழியில் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி ஒட்டி அனுப்புவது. டிஎல்எஸ் பரிசோதனை என்று பெயர். பல இணையதளங்களுக்கு இது வேலை செய்யும். ஆனால் வாட்ஸ்அப் போன்ற செயலிகள், தம் நிறுவனத்தின் சான்றிதழைத் தவிர வேறு எதையும் ஏற்காது, இணைப்பையே துண்டித்துவிடும். அதையும் தாண்டி உறையைப் பிரித்தாலும் பயனில்லை. 2016 ஏப்ரலில் இருந்து வாட்ஸ்அப் செய்திகள் அனுப்புநரின் போனில் பூட்டப்பட்டு, பெறுநரின் போனில்தான் திறக்கப்படுகின்றன. அதாவது உறைக்குள் இன்னோர் உறை. அதன் சாவி நடுவில் இருக்கும் யாரிடமும் கிடையாது.

ஆக, ‘வாட்ஸ்அப்பைத் திறந்துவிடுவோம், போகும் ஃபைல்களை ஃபயர்வால் பார்த்துக்கொள்ளும்’ என்பது நடக்காத காரியம். ஃபயர்வாலால் முடிந்தது, எந்தச் செயலி, எந்த நேரம், எவ்வளவு டேட்டா என்பதுதான். உள்ளடக்கத்தைக் கவனிக்க வேண்டிய இடம் லேப்டாப்பும் போனும்.

தடை போட்டவர்கள் கட்டிய அபராதம்

தடைக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்கள் நியாயமானவை. கஸ்டமர் விவரம் வெளியே போய்விடும். வைரஸ் உள்ளே வரும். நாளை ஒரு தகராறு வந்தால், பேசியதற்குப் பதிவு இருக்காது. கடைசி வாதம் மிகப் பெரியது. அமெரிக்காவில் அது பல கோடி டாலர் விவகாரமாகவே ஆனது.

2021 டிசம்பரில் ஜேபி மார்கன் நிறுவனம் 20 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் வால் ஸ்ட்ரீட்டின் 16 நிறுவனங்களுக்கு அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? ஊழியர்கள் வியாபாரப் பேச்சைத் தங்கள் சொந்த போனில், சாட் செயலிகளில் நடத்தினார்கள். சட்டப்படி வைத்திருக்க வேண்டிய பதிவு நிறுவனத்திடம் இல்லை.

இதைக் காட்டி, ‘பாத்தீங்களா, அதனாலதான் பிளாக் பண்றோம்’ என்று சொல்லலாம். ஆனால் விசாரணையில் வெளிவந்தது வேறு. இப்படிப் பேசக்கூடாது என்று அந்த நிறுவனங்களில் ஏற்கெனவே விதி இருந்தது. விதியை மீறியவர்களில் அதை அமல்படுத்த வேண்டிய மேலதிகாரிகளும் இருந்தார்கள். தடை காகிதத்தில் இருந்தது. பேச்சு போனில் இருந்தது. வாடிக்கையாளர் எங்கே பேசுகிறாரோ அங்கேதான் ஊழியரும் பேசுவார்.

தடை உண்மையிலேயே தேவைப்படும் இடங்களும் உண்டு. கார்டு எண்கள் திரையில் ஓடும் கால் சென்டர், ராணுவ வடிவமைப்பு அறை, தேர்வு வினாத்தாள் தயாரிக்கும் இடம் போன்றவை. அங்கே ஃபயர்வால் தடையோடு நிறுத்தாமல், போனை வாசலிலேயே லாக்கரில் வைக்கச் சொல்ல வேண்டும். போன் உள்ளே வரலாம், சாட் மட்டும் கூடாது என்பது அரைகுறைத் தடை. அதனால் வருவது ஹாட்ஸ்பாட் மட்டும்தான்.

சரி, எப்படித் திறப்பது?

முதல் வேலை, நெட்வொர்க்கைப் பிரிப்பது. ஊழியர்களின் சொந்த போன்களுக்கு விருந்தினர் வைஃபை தனியாக இருக்கட்டும். அதில் வாட்ஸ்அப் தாராளமாக ஓடட்டும். ஆனால் அந்த வைஃபையில் இருந்து டேலி சர்வருக்கோ, ஃபைல் சர்வருக்கோ, பிரின்டருக்கோ பாதையே இருக்கக்கூடாது. ஒருவர் போனில் வைரஸ் ஏறினாலும் அது அலுவலக சர்வரை எட்டாது. இதற்குப் பெரிய செலவும் இல்லை. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் விருந்தினர் நெட்வொர்க் வசதி உள்ளேயே இருக்கிறது. இருபது பேர் வேலை செய்யும் அலுவலகம்கூட ஒரு மதியத்தில் செய்து முடிக்கலாம்.

இரண்டாவது, அலுவலக வேலைக்கு ஒரே ஓர் அதிகாரபூர்வ செயலியைத் தேர்ந்தெடுப்பது. மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஸ்லாக், கூகுள் சாட், ஸோஹோ கிளிக் என்று எதுவாகவும் இருக்கலாம். தகவல் வெளியே போகவே கூடாது என்றால் சொந்த சர்வரிலேயே நடத்தும் வழியும் இருக்கிறது. பிரான்ஸ் அரசு தன் ஊழியர்களுக்காக மேட்ரிக்ஸ் என்ற திறந்த தொழில்நுட்பத்தை வைத்து ‘சாப்’ என்ற செயலியை 2019இல் கொண்டுவந்தது இப்படித்தான். ‘வாட்ஸ்அப் வேண்டாம்’ என்று மட்டும் சொல்லாமல், ‘அதற்குப் பதில் இது’ என்று ஒன்றைக் கையில் கொடுத்ததுதான் அதில் கவனிக்க வேண்டியது.

மூன்றாவது, ஃபயர்வால் விதியை அளவோடு எழுதுவது. உள்ளிருந்து வெளியே மட்டும். வெளியிலிருந்து உள்ளே எதுவும் வேண்டாம். அனுமதியை ஐபி எண்ணுக்குக் கொடுக்காமல், முடிந்தவரை சேவையின் பெயருக்குக் கொடுப்பது நல்லது. பெரிய சேவைகளின் ஐபி எண்கள் அடிக்கடி மாறும். செய்திகளுக்கு 443 பெரும்பாலும் போதும். ஆடியோ, வீடியோ காலுக்கு யுடிபி வகையில் சில கதவுகள் வேண்டும். டீம்ஸுக்கு 3478 முதல் 3481 வரை. இதை மூடிவிட்டால் கால் வேறு வழியில் சுற்றிப் போகும், குரல் உடைந்து உடைந்து கேட்கும். நோட்டிஃபிகேஷனுக்கு ஐபோன் 5223ஐயும், ஆண்ட்ராய்டு 5228 முதல் 5230 வரையும் பயன்படுத்துகின்றன. ‘மெசேஜ் லேட்டா வருது’ என்ற புகாருக்குப் பல நேரம் இதுதான் காரணம். இந்தச் சில கதவுகளைத் திறக்க முடியாமல் தடுமாறி, கடைசியில் ‘எல்லாருக்கும் எல்லாமும் அனுமதி’ என்று ஒரு விதியைப் போட்டுவிட்டு மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து.

நான்காவது, செயலியை மட்டும் பார்த்தால் போதாது, கணக்கையும் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் டீம்ஸ் திறந்திருக்கிறது என்றால், ஊழியர் தன் சொந்தக் கணக்கிலும் நுழைந்து ஃபைலை அனுப்பிவிடலாம். நிறுவனத்தின் கணக்கில் மட்டுமே நுழைய முடியும்படி கட்டுப்படுத்தும் வசதி டீம்ஸிலும் ஸ்லாக்கிலும் உண்டு. லாகின் பக்கத்துக்குப் போகும் கோரிக்கையில் ஃபயர்வால் ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பும். அதைப் பார்த்து மற்ற கணக்குகளை அந்தச் சேவையே மறுத்துவிடும். இந்த ஓர் இடத்துக்கு மட்டும் டிஎல்எஸ் பரிசோதனை தேவைப்படும்.

ஐந்தாவது, கருவிகள். அலுவலக லேப்டாப் ஒரே நேரத்தில் கேபிளிலும் வேறு வைஃபையிலும் இணையாதபடி செய்துவிடலாம். முன்பின் தெரியாத புரோகிராம் ஃபைல்கள் ஓடாதபடி தடுக்கலாம். செயலிகளை உடனுக்குடன் அப்டேட் செய்யலாம். அப்டேட் எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2019 சாட்சி. வாட்ஸ்அப் காலில் இருந்த ஓர் ஓட்டை வழியாகச் சுமார் 1,400 கருவிகள் பெகாசஸ் உளவு மென்பொருளுக்கு இலக்காயின. அந்த ஓட்டையை அடைத்தது அப்டேட்தான்.

பதிவு இருக்கட்டும், உளவு வேண்டாம்

இந்தியாவில் இயங்கும் நிறுவனங்களுக்கு இது விருப்பம் சார்ந்த விஷயம் மட்டும் இல்லை. செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட உத்தரவின்படி, நெட்வொர்க் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். பட்டியலிடப்பட்ட சைபர் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க வழிசெய்கிறது. ஊழியர்கள் ஹாட்ஸ்பாட்டுக்குத் தப்பியோடிவிட்ட அலுவலகத்தில், 180 நாள் பதிவு இருந்தும் என்ன பயன்? அதில் நடந்தது எதுவுமே இருக்காதே!

பதிவு என்றதும் ஊழியர்களுக்கு வரும் பயமும் நியாயமானது. ‘என் சாட்டை எல்லாம் படிப்பாங்களா?’ என்ற கேள்விக்கு நிறுவனம் நேராகப் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கருவி எப்போது எங்கே இணைந்தது என்ற பதிவு பாதுகாப்புக்குப் போதும். அதிகாரபூர்வ செயலியில் பேசுவது பதிவாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொந்த போனில், விருந்தினர் வைஃபையில் பேசுவதைத் தொடக்கூடாது. டிஎல்எஸ் பரிசோதனையில் இருந்து பேங்க், மருத்துவமனை போன்ற தளங்களுக்கு விலக்கு தர வேண்டும். இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி எல்லாருக்கும் கொடுத்தால், மறைந்து செய்ய வேண்டிய அவசியம் ஊழியருக்கும் இல்லை, ஒளிந்து பார்க்க வேண்டிய அவசியம் நிர்வாகத்துக்கும் இல்லை.

இத்தனையும் செய்தாலும் ஃபயர்வாலால் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது. 2025 மார்ச்சில் அமெரிக்காவின் உயர் அதிகாரிகள் ஏமன் மீதான தாக்குதல் பற்றி சிக்னல் செயலியில் ஒரு குரூப்பில் பேசினார்கள். அந்த குரூப்பில் ‘தி அட்லான்டிக்’ இதழின் ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். குறியாக்கம் உடையவில்லை. யாரும் ஹேக் செய்யவில்லை. தவறான ஆளை குரூப்பில் சேர்த்தார்கள், அவ்வளவுதான். வேலையை விட்டுப் போனவர் இன்னும் ஆபீஸ் குரூப்பில் இருக்கிறாரா, பழைய லேப்டாப் இன்னும் வாட்ஸ்அப்பின் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலில் இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது, ஆயிரம் ஃபயர்வால் விதிகளுக்குச் சமம்.

திருப்பூர் அலுவலகத்துக்கே திரும்பினால், அந்தத் திங்கள்கிழமை மெயில் வேறு மாதிரி இருந்திருக்கலாம்: ‘பையருடன் பேச வாட்ஸ்அப், உங்கள் போனில், விருந்தினர் வைஃபையில். ஆர்டர் விவரம், விலை, டிசைன் ஃபைல் எல்லாம் அலுவலகச் செயலியில் மட்டும். பையர் வாட்ஸ்அப்பில் ஓகே சொன்னால், அதை அன்றைக்கே மெயிலில் உறுதி செய்யுங்கள். லேப்டாப்பில் ஹாட்ஸ்பாட் வேண்டாம். சந்தேகமான ஃபைல் வந்தால் திறக்காமல் ஐடிக்குச் சொல்லுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.’

மெஷினும் நிற்காது, கொல்லைப்புறக் கதவும் திறக்காது. இப்போது பிளாக் செய்யப்பட்ட அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்வதற்கு முன் ஐடி பிரிவிடம் மூன்று கேள்வி கேட்கலாம். வாடிக்கையாளரிடம் பேச எந்த வழி திறந்திருக்கிறது? சொந்த போனுக்குத் தனி வைஃபை உண்டா? எதெல்லாம் பதிவாகிறது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத அலுவலகத்தில் ஃபயர்வால் இருக்கும், பாதுகாப்பு இருக்காது.